அரைப்பேர் நடிகர்கள்

கொழுந்தோ இறப்பர்ப் பாலோ குறித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' போடுவது, இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நமக்குப் பழகிப்போன வழக்கம். அது கொடிய வழக்கமேயாயினும், அங்கே கண்காண ஒரு தராசு உண்டு. திரைப்பட விருதுகளில் ஒருவரை முதன்மை நடிகர் என்றும் இன்னொருவரைத் துணை நடிகர் என்றும் வகுக்கிறார்களே, அங்கே பிடிக்கப்படும் தராசு எது?

ஒஸ்கார் விருதில் துணை நடிப்புக்குத் தனிப்பரிசு தோன்றியது 1937ஆம் ஆண்டு விழாவிலேதான். அப்போது முதன்மை நடிகருக்குச் சிலை. துணை நடிகருக்கு வெறும் பலகை. 1944இலேதான் இருவருக்கும் ஒரே அளவான சிலை கிடைத்தது. மறு ஆண்டில் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பார் ஒரே வேடத்துக்காக இரு பிரிவுகளிலும் முன்மொழியப்பட்டார்! இந்தியத் தேசிய விருதுகளோ 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே துணை நடிப்பைக் கணக்கில் எடுத்தன. நாயகனை நம்பியே நடக்கும் தொழிலில், சிறு வேடங்களுக்கு உயிரூட்டிய கலைஞர்களை இப்பிரிவு வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், 2011ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் நிகழ்ந்தது என்ன? சுசீந்திரனின் 'அழகர்சாமியின் குதிரை'யில் அழகர்சாமியாகவே நடித்த அப்புக்குட்டிக்குக் கிடைத்தது துணை நடிகர் விருது! காணாமற்போன தன் குதிரையைத் தேடிவரும் ஏழைத் தொழிலாளி அவன். படத்தின் பெயரே அவனுடையது. அவன் யாருக்குத் துணை?

2020ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளிலும் இதே கதைதான். வசந்தின் 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' படத்தில் சிவரஞ்சனியாக நடித்த லக்ஷ்மி பிரியாவுக்குத் துணை நடிகை விருது. 'சூரரைப் போற்று' படத்தில் நாயகனின் மனைவியாக நடித்த அபர்ணா பாலமுரளிக்குச் சிறந்த நடிகை விருது. இருவர் திறமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்று கதைகள் கொண்ட படத்தில் சிவரஞ்சனியின் கதை ஒன்றே என்பாரும் உளர். அந்த ஒரு கதையில் அவளன்றி வேறு யார் தலைவி? நாயகனுக்கு இணையானவள் முதன்மை பெறுகிறாள். தன் கதைக்குத் தானே தலைவியானவள் துணையாகிறாள். 'கதாநாயகி' என்னும் சொல்லுக்கு நாயகனின் சோடி என்று பொருள் கொண்டுவிட்ட பழக்கத்தின் விளைவு அன்றோ இது!

இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது தொல்காப்பியம். உழைப்பவனும் காதலிப்பான், ஆனால் உயர்ந்த காதலுக்குத் தலைவன் ஆகான் என்பதே அவ்விதியின் உட்கிடை. இலக்கணம் பழையதாயிற்று, அதன் நிழல் இன்னும் திரைமீது விழுகிறது.

நேர்மையான அளவுகோலும் உண்டு. 2010ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில், 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் தாயாக நடித்த சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகைக்கான விருதை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார். தாய் என்றாலே துணைப்பாத்திரம் என்ற வாய்பாட்டை அத்தீர்ப்பு உடைத்தது.

யாருடைய துன்பத்தால் கதை நகர்கிறதோ, யாருடைய முடிவே கதையின் முடிவாகிறதோ, அவரே தலைமைப் பாத்திரம். முகவெட்டும் சந்தைமதிப்பும் அங்கே குறுக்கிடலாகாது. உழைக்கும் மனிதனைக் கதையின் நடுவே நிறுத்தத் துணிந்த தமிழ்ப்படங்கள் வந்துவிட்டன. அவனை நடுவிலே காணும் கண்ணை விருதுக்குழுக்களும், அவற்றுக்கு முன்னதாக இரசிகர்களாகிய நாமும், பெற்றாக வேண்டும்.