ரயில் பாதைக்கு இருபுறமும்: மும்பைத் தமிழரை எழுதியவர்கள்

மத்திய ரயில்வே பாதைக்குக் கிழக்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். நூறாண்டுக்கும் மேலாகத் தமிழர் வாழும் பகுதி இது. ஆனால் இவர்களைப் பற்றிய ஆய்வு நூல்களில் மாட்டுங்கா நடுத்தர வர்க்க வரலாறாகவும் தாராவி குடிசைப் பகுதியின் வரலாறாகவும் பிரிந்து கிடக்கிறது. இரு சாராரையும் ஊரிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்தது ஒரே தொழில் நகரத்தின் தேவைதான். அவர்களைப் பாதையின் இரு பக்கமும் பிரித்து உட்கார வைத்தது சாதி. ஆய்வாளர்களும் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டாமலே எழுதிவந்திருக்கிறார்கள்.

1854-இல் காவஸ்ஜி டாவர் பம்பாயின் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். அதற்குப் பின் வந்த தொழிலாளர் கூட்டத்தைப் பற்றி மாரிஸ் டேவிட் மாரிஸ் 1965-இலும் ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் 1994-இலும் எழுதிய நூல்கள் இத்துறையின் அடித்தளம். ஆலைத் தொழிலாளர்களில் ரத்னகிரி போன்ற மராத்தி மாவட்டத்தாரே மிகுதி என்பதால் தமிழர் இவற்றில் ஓரமாகத்தான் வருகிறார்கள். இருந்தாலும் சந்தாவர்க்கரின் ஒரு வாதம் தமிழருக்கும் அப்படியே பொருந்தும். கிராமத்தோடு தொழிலாளி விடாமல் வைத்திருந்த உறவை விட்டொழியாத பழைய பழக்கம் என்று அவர் பார்க்கவில்லை. வேலை நிச்சயமில்லாத, கூலி நிச்சயமில்லாத நகரத்தில் பிழைத்துக்கிடக்க அந்த உறவு தேவைப்பட்டது என்றார். கோவில் கொடைக்குத் தவறாமல் ஊருக்குப் போகிற, ஊர்ப் பெயரிலேயே சங்கம் வைத்திருக்கிற தாராவியின் நெல்லைக்காரர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

தாராவிக்குத் தமிழரை முதலில் இழுத்தது தோல். பாந்திராவில் இறைச்சிக் கூடம், பக்கத்திலேயே மாகிம் கழிமுகத்தின் தண்ணீர், யாரும் விரும்பாத சதுப்பு நிலம். அங்கே எழுந்த தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். 1887-இல் பெரிய பள்ளிவாசல், 1913-இல் விநாயகர் கோவில், 1924-இல் முதல் பள்ளிக்கூடம் என்று அவர்கள் காலூன்றிய வரிசையைக் கல்பனா சர்மா தம் தாராவி நூலில் (2000) தருகிறார். அவருக்கு முன்பே, 1974-இல், ஓவன் லிஞ்ச் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தாராவி ஆதிதிராவிடர்களின் அரசியலை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஊரில் தீண்டாமைக்கு ஆளானவர்கள், நகரத்தில் மதராசி என்று ஒதுக்கப்பட்டவர்கள். தேர்தல் வந்தால் எந்த அடையாளத்தின் கீழ் அணி திரள்வார்கள் என்ற கேள்வியைத் துணிந்து கேட்ட கட்டுரை அது. அந்த வழியில் தொடர்ந்து நடந்தவர்கள் குறைவு. தோல் தொழிலாளரை மையமாக வைத்து மரி கரோலின் சாக்லியோ யட்சிமிர்ஸ்கி 2013-இல் எழுதிய நூல் மதிப்புள்ள விதிவிலக்கு.

மாட்டுங்காவின் கதை 1896 பிளேக்கில் தொடங்குகிறது. நெரிசல்தான் நோயைப் பரப்பியது என்று முடிவுகட்டிய ஆங்கில அரசு 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலத் தெருக்களும் மனைகளும் பிறந்தன. ரயில்வேயிலும் வங்கியிலும் கம்பெனிகளிலும் டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர் வேலைக்கு வந்த தென்னிந்தியர், பெரும்பாலும் பிராமணர், அந்தப் புது மாடிக் குடியிருப்புகளில் வாடகைக்குக் குடியேறினார்கள். நிகில் ராவ் இதை 2013-இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்ததைப் பற்றிய பகுதியில் அவர் நின்று நிதானிக்கிறார். கொல்லைப்புறத்தில் இருந்த ஒன்று சமையலறைக்குச் சில அடி தூரத்துக்கு வந்தபோது ஆசாரம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்தச் சங்கடத்தைக் கடந்துதான் இன்றைய ஃபிளாட் வாழ்க்கை உருவானது. தமிழரும் மலையாளிகளும் கன்னடரும் தெலுங்கரும் இங்கேதான் "தென்னிந்தியர்" என்ற ஒரே பெயருக்குள் வந்தார்கள் என்றும் காட்டுகிறார். 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952-இல் தொடங்கிய ஷண்முகானந்த சபாவும் அந்தப் பெயருக்கு நிறுவன வடிவம் கொடுத்தன.

மும்பையின் இன்னொரு தமிழ்ப் பகுதியான செம்பூரைப் பற்றி இந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. 1950-களில் டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தபின் வளர்ந்த தமிழ்ச் செம்பூர் தனி நூலுக்குரியது.

1966-இல் சிவசேனா பிறந்ததும் ஆய்வாளர் பார்வை தமிழர் மேல் திரும்பியது. மேரி காட்சென்ஸ்டைன் (1979), தீபங்கர் குப்தா (1982) இருவரின் நூல்களும் முக்கியமானவை. கம்பெனிகளில் உயர்பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்களை சிவசேனாவின் 'மார்மிக்' இதழ் பட்டியலிட்டு வெளியிட்டதை அவை விவாதிக்கின்றன. சிவசேனா தென்னிந்தியரோடு போட்ட அந்தச் சண்டை அலுவலக நாற்காலிக்காக நடந்தது. நாற்காலியே இல்லாத கடைக்காரர்களும் உடுப்பி ஹோட்டல் பையன்களும் அதில் அடிபட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட வரலாறு இன்னும் வரவேண்டும்.

இலக்கியம் சில இடங்களை நிரப்பியிருக்கிறது. நாஞ்சில் நாடனின் 'மிதவை'யும் 'சதுரங்கக் குதிரை'யும் படித்துவிட்டு வேலை தேடி வந்த இளைஞனின் தனிமையை எந்தச் சமூகவியலாளரையும்விட நெருங்கிச் சொல்கின்றன. அம்பையின் கதைகளில் பெண் கண்ணால் பார்த்த மும்பை வருகிறது.

பெண்களின் உழைப்புதான் ஆய்வில் ஆகப் பெரிய இடைவெளி. தாராவியில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, ஒற்றை அறை வீட்டில் மாவு கரைத்து, தட்டுத் தட்டாக இட்லி அவித்து, சட்னியும் சாம்பாரும் தூக்கில் ஊற்றிக் கொடுக்கிறவள் பெண். அதைக் கூடையில் கட்டி, சைக்கிளில் ஹாரன் அடித்தபடி நகரமெங்கும் விற்கப் போகிறவர் ஆண். நகரத்தின் கண்ணில் படுகிறவர் அவர். புள்ளிவிவரத்தில் 'வியாபாரி' என்று பதிவாகிறவரும் அவரே. அவளோ இல்லத்தரசி.

இந்த இடைவெளிகளை நிரப்பக் கடிதங்கள் உதவும். சமூகவியலாளர்களான தாமஸும் ஸ்னானியெக்கியும் 1918 முதல் 1920 வரை வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கா போன போலந்து விவசாயிகளின் குடும்பக் கடிதங்களை நம்பி எழுதப்பட்டது. நம் ஊர்களுக்கும் பம்பாயிலிருந்து வராத கடிதமா, மணியார்டரா? மணியார்டர் தாளின் அடியில் எழுதிய இரண்டு வரி குடும்பச் செய்திகளைச் சேர்த்திருந்தாலே ஒரு நூல் கிடைத்திருக்கும். இப்போது அவசரமும் சேர்ந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு ஏலம் 2022-இல் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குத் தாள் காட்டுகிறவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. நூற்றாண்டுக் குடியேற்றம் ஒரு தேதிக்குள் அடைபட்டுவிட்டது. வீடுகள் இடிபடும்போது ஊர்ச் சங்கங்களின் கணக்கு நோட்டுகளும் கோவில் வரிப் புத்தகங்களும் குப்பைக்குப் போகும். இன்னொரு ஆவணமும் உண்டு: மகாராஷ்டிரப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த ஊர், தாய்மொழி, சாதி மூன்றுக்கும் இடமுண்டு. பாதைக்கு இருபுறமும் உள்ள பள்ளிகளின் பழைய பதிவேடுகளை ஒருசேர வைத்து வாசிக்கும் வேலையைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.