சிறுவரின் அந்தரங்கமும் நமது உபதேசங்களும்

இணையவழியிற் சிறுவர் தம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பது பற்றி இன்று கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்படுகின்றன. காலைக் கூட்டத்தில் அதிபர்கள் உரையாற்றுகின்றனர். இவையனைத்தும் சேர்ந்து ஒரு தனி உபதேச இலக்கியமாகவே வளர்ந்துவிட்டன. எந்த இலக்கியத்தையும் போல இதனையும் விமர்சனத்துக்கு உட்படுத்துதல் அவசியம். இது யாருடைய வாழ்க்கையை மனத்திற் கொண்டு பேசுகிறது? யார்மீது பழியைச் சுமத்துகிறது? யாரைப் பற்றிப் பேசாது விடுகிறது? தம்பலகாமம் போன்றதோர் ஊரில் நின்று இம்மூன்று வினாக்களையும் எழுப்பினால் உண்மை துலங்கும்.

‘பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைக் கொடாதீர்’ என்பதே இவ்வுபதேசத்தின் முதற் கட்டளை. தாயும் தந்தையும் வீட்டிலிருந்து பிள்ளையை மேற்பார்வை செய்யும் வசதியுள்ள குடும்பத்தை இது கற்பனை செய்துகொள்கிறது. கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய வயல்களிலும், குடாக்கடலிலும், பிறரது கூலிவேலையிலும் சீவியம் நடத்தும் குடும்பங்களிற் பல, தாயை மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பிவிட்டு நிற்பவை. அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைக்குத் தாயின் முகமும் குரலும் அந்தக் கண்ணாடித் திரையிலேதான் உண்டு. அதனைப் பறித்துவிடு என்று சொல்வது எளிது. மேலும், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசியைப் பிள்ளையின் கையிற் கொடுக்கும்படி சொன்னது யார்? நாமேயன்றோ! வாட்ஸ்அப் குழுக்களில் பாடங்களை அனுப்பினோம். சமிக்ஞை தேடி மரத்திலும் மலையிலும் ஏறிய பிள்ளைகளை இந்நாடு கண்டது. கருவியைக் கொடுத்த நாம் அதனைக் கையாளும் அறிவைக் கொடுக்கவில்லை. இப்போது கருவியையே குற்றஞ் சாட்டுகிறோம்.

இரண்டாவது வினா பழியைப் பற்றியது. ஆபத்து கற்பனையன்று. நண்பன்போல நடித்து நம்பிக்கையைப் பெறுவோரும், ஒரு படத்தைக் கைப்பற்றி அதனைக்கொண்டு மிரட்டுவோரும் உளர். சாதாரண முகப்படத்தைக் கொண்டே ஆபாசப் படம் புனையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. ஆயினும் நமது உரைகள் பெரும்பாலும் மாணவியரை நோக்கியே விரல் நீட்டுகின்றன. படம் போடாதே, மானம் போய்விடும், குடும்பத்துக்கு இழுக்கு என்பனவே அவற்றின் சாரம். இதன் விளைவு யாது? மிரட்டப்படும் சிறுமி வாய் திறக்க அஞ்சுகிறாள். சொன்னால் அடி விழும், படிப்பு நிற்கும், ஊர் பேசும். மிரட்டுபவனின் மூலதனம் அப்படமன்று, அவளது அச்சமே. அம்மூலதனத்தைப் பெருக்கிக் கொடுக்கும் உபதேசம் எவ்வளவு நல்லெண்ணத்துடன் செய்யப்படினும் அவனுக்கே துணைபோகிறது.

மூன்றாவது வினாவே நம்மைச் சுடுவது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முடிவு வந்ததும், பிள்ளையின் படம், முழுப்பெயர், பாடசாலை, பெற்ற புள்ளி ஆகிய அனைத்தையும் பதாகையிலும் முகநூலிலும் வெளியிடுபவர் யார்? ஆசிரியரும் பெற்றாரும் பழைய மாணவருமே. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளை, தன் பெயர் அப்பட்டியலில் இல்லாமையினாலேயே ஊரறியத் தோற்றவனாகிறான். வெள்ளம் வந்தாலோ, கொடையாளர் வந்தாலோ, சப்பாத்தும் கொப்பியும் பெறும் ஏழைப் பிள்ளையை நிறுத்திப் படம்பிடிக்கிறோம். அப்பிள்ளையின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. உதவிக்கு விலையாக அதன் முகம் பெறப்படுகிறது. காலையில் இவ்வாறு செய்துவிட்டு, மாலையில் ‘உன் விபரங்களை அந்நியருக்குக் கொடாதே’ என்று போதித்தால், பிள்ளை எதைக் கற்கும்?

நமக்கு அப்பால் பெரிய வியாபாரிகள் உளர். முகநூல் முதலியவை இலவசம் என்கிறோம். விளம்பரத்தால் வாழும் அந்நிறுவனங்களுக்கு நமது பார்வையும் பழக்கமும் விருப்பமுமே கச்சாப் பொருள். 13 வயது என்னும் எல்லை பிள்ளையின் முதிர்ச்சியை அளந்து வகுக்கப்பட்டதன்று. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின் வழியாக வந்தது. பொய்யான பிறந்த ஆண்டைத் தட்டினால் அதுவும் கடந்துவிடும். அவுஸ்திரேலியா 2025 டிசெம்பரில் இவ்வெல்லையை 16 ஆக்கியது. கல்விச் செயலிகளும் குற்றமற்றவையல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் சாதனங்களை ஆராய்ந்த மனித உரிமைகள் கண்காணிப்பகம், அவற்றுட் பெரும்பாலானவை சிறுவரின் உரிமையை மீறின அல்லது மீறும் அபாயமுடையன என 2022இல் அறிவித்தது.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 16ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் அதன் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவது பின்போடப்பட்டது. 2024 சனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, சிறுவர் பாதுகாப்பையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் காட்டிக்கொண்டு, எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. பிள்ளையின் பெயரால் பெரியவர்களின் வாயைக் கட்ட முனைவது பாதுகாப்பாகாது.

அந்தரங்கம் என்பது மேல்நாட்டார் கவலை, நம் போன்ற ஏழைகளுக்கு அது எதற்கு என்று கேட்பாரும் உளர். இவர்கள் வடக்குக் கிழக்கின் அண்மைக்கால வரலாற்றை மறந்தவர்கள். வீட்டிலுள்ளோர் பெயர்களைப் பொலிசிற் பதிந்ததும், குடும்பப் படத்தைக் காட்டி ஆளெண்ணக் கொடுத்ததும், சுற்றிவளைப்பின்போது தலையாட்டியின் முன் வரிசையில் நின்றதும் இம்மாவட்டத்து மக்களின் அனுபவம். ஒரு பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, அப்பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பவற்றில் உயிரே தங்கியிருந்தது. ‘என்னைப் பற்றி யார் எதைத் திரட்டுகிறார்கள், எதற்காக?’ என்னும் வினா அம்மக்களுக்கு இரவற் சரக்கன்று. பேரப்பிள்ளைக்கு அதனைக் கற்பிக்கும் தகுதி அம்மம்மாவுக்கு உண்டு. கைத்தொலைபேசி இயக்கத் தெரியாமை அதற்குத் தடையாகாது.

ஆகவே போதனை ஆசிரியரிடமிருந்து தொடங்குதல் வேண்டும். பிள்ளையையும் பெற்றாரையும் கேளாது படம் வெளியிடுவதில்லை என்று ஒவ்வொரு பாடசாலையும் தீர்மானிக்கட்டும். பெற்றார் எல்லோரது தொலைபேசி எண்களையும் எல்லோரும் காணும் குழுக்களை மாற்றியமைக்கட்டும். அதன்பின் பிள்ளைக்குச் சொல்வோம்: கடவுச்சொல்லும், தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கமும் நண்பனுக்கும் உரியவையல்ல. அனுப்பிய படம் மீளாது. இருக்குமிடத்தைக் காட்டும் வசதியை நிறுத்தி வை. எவரேனும் மிரட்டினால் பணங் கொடாதே, இன்னொரு படமும் அனுப்பாதே, வந்த செய்திகளை அழியாதே, நம்பும் ஒருவரிடம் உடனே சொல். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கம் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, ‘குற்றம் உன்னுடையதன்று’ என்பதை முதலிலும் முடிவிலும் சொல்வோம். சொல்வதோடமையாது, அவள் வந்து கூறும் நாளில் அவ்வாறே நடந்துகொள்வோம்.

தம்பலகாமக் குடாவில் முன்னர் முத்துக்காக எடுக்கப்பட்ட தட்டைச் சிப்பியின் ஓட்டைப் பிற நாடுகளிற் சன்னற் கண்ணாடியாகப் பதித்தனர். வெளிச்சம் உள்ளே வரும். வெளியில் நிற்பவனுக்கு உள்ளிருப்போர் முகம் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு உலகத்தின் வெளிச்சமும் வேண்டும். அவர்களுக்கென ஒரு மறைவும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை விலைகொடுக்கும்படி எந்தப் பிள்ளையையும் கேட்க நமக்கு உரிமையில்லை.