கொழுப்பு கரையும், தசை வளரும்: எந்த நிபந்தனையின் பேரில்?

உணவைக் குறைத்து நாள்தோறும் ஓடினால் கொழுப்பெல்லாம் தசையாக மாறிவிடும் என்று யாரேனும் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அதற்குச் சான்றாக, 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வு ஒன்றையும் காட்டியிருக்கலாம். அந்தச் சான்றைச் சற்று உரசிப் பார்ப்போமா?

முதலில் ஒரு தவற்றைக் களைவோம். கொழுப்பு தசையாக மாறுவதில்லை. உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றே உள்ளன. தசைப் புரதத்திற்கோ நைட்ரஜனும் தேவை. கொழுப்பை விறகு என்றால் புரதத்தைச் செங்கல் எனலாம். விறகு எரிந்து வேலைக்கு ஆற்றல் தரும், அதுவே சுவராகிவிடாது.

இனி ஆய்வுக்கு வருவோம். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், எடை மிகுந்த 40 இளைஞர்களை இரு குழுக்களாகப் பிரித்தனர். உடலுக்குத் தேவையான கலோரியில் 40 சதவீதத்தைக் குறைத்து, 4 வாரங்கள் உணவளித்தனர். வாரத்தில் 6 நாள் கடும் பயிற்சியும் தந்தனர். ஒரு குழுவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம், மற்றதற்கு 2.4 கிராம். முடிவில், குறைந்த புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர். மிகுந்த புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ இழந்தனர். கொழுப்பற்ற எடை முன்னவர்களுக்கு 0.1 கிலோவும், பின்னவர்களுக்கு 1.2 கிலோவும் கூடியது.

கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுதான். பட்டினிக் காலத்திலும் கொழுப்பற்ற எடை கூடலாம் என்று காட்டியது அதன் சிறப்பு. ஆயினும் அதை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடும் செய்திகள் பல.

ஒன்று, அவர்கள் ஓடியதோடு நிற்கவில்லை. பளு தூக்கும் பயிற்சியும் செய்தனர். தசையை வளரத் தூண்டுவது முக்கியமாக இத்தகைய பயிற்சியே. ஆகவே "உணவும் ஓட்டமும் போதும்" என்பதற்கு இது சான்றாகாது.

இரண்டு, கொழுப்பற்ற எடை முழுவதும் தசையன்று. நீர், எலும்பு, உள்ளுறுப்புகள் யாவும் அதில் அடங்கும். வலிமையோ இரு குழுவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கூடியது.

மூன்று, மொத்தக் கலோரி மாறாமல் புரதத்தைக் கூட்டியதால், அக்குழுவின் உணவில் கொழுப்பு குறைக்கப்பட்டது. ஒருவருக்குக் கலோரியில் 35 சதவீதம் கொழுப்பு, மற்றவருக்கு 15 சதவீதம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டு, விளைவு முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுதலாமா? மாணவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நான்கு, இவர்கள் எடை மிகுந்த இளைஞர்கள். காலமும் 4 வாரமே. பெண்கள், முதியோர், ஏற்கெனவே மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இம்முடிவை அப்படியே பொருத்த முடியாது. எரிக்கப் போதிய விறகு இல்லாத வீட்டில் கட்டட வேலை எப்படி நடக்கும்?

புரதத்தின் அளவையும் எண்ணிப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 2.4 கிராம் வீதம் 168 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் என்றால், நாளொன்றுக்கு 28 முட்டை! சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய உணவு கேடு விளைவிக்கலாம்.

இவற்றையெல்லாம் மறந்து, வளரும் வயதில் அரைப்பட்டினி கிடந்து ஓடுகிற மாணவன் எடை குறைவான். ஆனால் குறைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும்தான். தராசு இரண்டையும் பிரித்துக் காட்டாது. அவன் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே உடல் நலிந்துகொண்டிருக்கும்.

ஆகவே இனி யாரேனும் ஓர் ஆய்வின் முடிவை உங்களிடம் சொன்னால், யாரிடம், எத்தனை நாள், வேறு எதை மாற்றிச் செய்தனர் என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகு உணவைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.