ஊர் ஜெயித்தது என்றால் யார் ஜெயித்தது?
ஆகுபெயரும் ஆட்டக்காரர்களும்

'இந்தியா வென்றது' என்பது இடவாகுபெயர். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நிலம் ஆடவில்லை, அந்த நிலத்தின் பேரைத் தாங்கிய பதினொரு பேர் ஆடினார்கள், பேர் மட்டும் நிலத்தினுடையது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்குத் தொன்றுதொட்டு ஆகிவருவது ஆகுபெயர் என்கிறது நம் இலக்கணம். இரண்டு நிபந்தனைகள் இதில் இருக்கின்றன. ஒன்று தொடர்பு, மற்றது காலம். தமிழாசிரியர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார், பேரைக் கொடுப்பவர் யார், திரும்பப் பிடுங்கிக்கொள்பவர் யார் என்ற கேள்விகளை இலக்கணம் கேட்பதில்லை. அதிகாரம் குறித்த இந்தக் கேள்விகளை விளையாட்டு அணிகளின் பெயர்களையும் சட்டைகளையும் இடமாற்றங்களையும் முன்வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'அட, ஆட்டந்தானே, இதுல என்ன அரசியல்' என்று சிறுபத்திரிகை வாசகரும் கேட்கக்கூடும். நாவலுக்கும் கவிதைக்கும் செலவிடுகிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் இதற்குத் தந்ததில்லை. ஆனால் தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இருக்கும் எங்கள் இண்டூரில் ஒரு இளைஞன் தன் உடம்பின்மேல் எழுதிக்கொண்டு திரியும் பிரதி அவன் ஜெர்சிதான். அதை வாசிக்காமல் அவனைப் பற்றிப் பேசுவது எப்படி?

முதலில் அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். அங்கே கூடைப்பந்து அணி என்பது விற்று வாங்கி இடம்பெயர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சொத்து. லேக்கர்ஸ் என்றால் ஏரிக்காரர்கள். மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிகள் அதிகம் என்பதால் மினியாபொலிஸ் நகரத்து அணிக்கு அந்தப் பேர். 1960ல் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. ஏரி வரவில்லை, பேர் வந்துவிட்டது. ஜாஸ் இசை பிறந்த நியூ ஆர்லியன்ஸில் 1974ல் தொடங்கிய 'ஜாஸ்' அணி 1979ல் யூட்டா மாநிலத்துக்குப் போனபோதும் பேரை மூட்டை கட்டிக்கொண்டே போனது. கறுப்பின மக்களின் இசையின் பேர், அந்த இசையோடு எந்த உறவும் இல்லாத ஒரு நகரத்தின் சட்டையில் இன்றும் இருக்கிறது. இலக்கணம் கேட்ட தொடர்பு அறுந்துபோனது, ஆனாலும் சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. குறிப்பானுக்குக் குறிப்பீடு தேவையில்லை, உரிமைப் பத்திரம் போதும் என்று மூலதனம் நமக்குக் கற்றுத்தருகிற இடம் இது.

எதிர் உதாரணமும் உண்டு. 2008ல் சியாட்டிலின் சூப்பர்சானிக்ஸ் அணியை ஓக்லஹோமா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். நகர நிர்வாகம் வழக்காடியது. அணியைத் தடுக்க முடியவில்லை. ஆனால் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பேரும் நிறமும் சியாட்டிலுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் ஒரு ஊரில், பேர் இன்னொரு ஊரில். 41 ஆண்டுகள் கைதட்டிய ஒரு நகரத்துக்கு மிஞ்சியது ஒரு சொல்லும் இரண்டு சாயங்களும். அதையும் நீதிமன்றப் படி ஏறித்தான் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது நம்மூருக்கு வருவோம். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பேரில் இருந்த டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த ஆண்டுகளில் ஆட்டங்கள் நடந்தவை சேப்பாக்கம், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் ஆகிய மூன்று மைதானங்களில். தூத்துக்குடியில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. 2021 பருவத்தில் அந்த அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. தேசபக்தர்கள் ஒரே நாளில் கிரேக்கப் போர்வீரர்கள் ஆனார்கள். திருவள்ளூர் வீரன்ஸ் 2018ல் காஞ்சி வீரன்ஸ் ஆனது, 2021ல் நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. ஐந்து வருஷத்தில் மூன்று ஊர். வடகோடியிலிருந்து தென்கோடிக்கு ஓர் அணி நடந்தே தீர்த்த இந்தத் தூரத்தைப் பற்றித் திருவள்ளூரில் யாரும் ஊர்வலம் போகவில்லை. போவதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை.

காரைக்குடி காளையின் கதை இன்னும் கூர்மையானது. மாடும் மண்ணும் சேர்ந்த பேர் அது. அந்தப் பேர் வந்த மறு வருஷம், 2017 ஜனவரியில், மெரினாவில் கூடிய கூட்டம் காளையைத் தமிழ் அடையாளத்தின் மையக் குறியாக்கிற்று. அப்படிப்பட்ட குறியையே அணி 2021ல் கழற்றிப் போட்டுவிட்டுத் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. திருப்பூர் உலகத்துக்கே பனியன் தைக்கிற ஊர். தர்மபுரியும் தேனியும் அங்கே போய்த் தைத்தன. இன்று பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் தைக்கின்றன. எத்தனையோ மொழிகள் பேசுகிற உழைப்பின்மேல் நிற்கிற ஒரு நகரத்தின் நெஞ்சில் 'தமிழன்' என்ற சொல் அச்சடிக்கப்படுகிறது. பின்னால் ஆங்கிலப் பன்மை 'ஸ்' வேறு. 2025ல் இந்த அணி கோப்பையையும் வென்றது, அந்தப் பருவத்தில் திருப்பூரில் ஒரு ஆட்டமும் நடக்காமலே. 'திருப்பூர் வென்றது' என்று எழுதிய செய்தியாளரை நிறுத்தி, இது எந்த ஆகுபெயர் என்று கேட்டால் என்ன சொல்வார்?

கபடிக்கும் இதே கதிதான். 2017ல் புரோ கபடி லீகில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் அணிக்கு ஊரே கிடையாது. மொழி மட்டும் உண்டு. இவர்களுக்கு முன்பே தெலுங்கு டைட்டன்ஸ் இருந்தது. ஊரின் பேரை வைத்தால் அந்த ஊரில் மட்டும் விற்கும், மொழியின் பேரை வைத்தால் மாநிலம் முழுக்க விற்கும். மொழிவழி மாநிலத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிற நாட்டில் அந்த அரசியல் வெற்றி ஒரு சந்தை எல்லையாக மறுபடி வரையப்படுகிறது. முதல் பருவத்தில் அந்த அணிக்குத் தலைமையேற்ற அஜய் தாக்கூர் இமாச்சலக்காரர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த ஊர்க்காரரும் எந்த ஊருக்காகவும் ஆடலாம், ஆடணும். அஜய் தாக்கூர் எங்கிருந்து வந்தார் என்பது பிரச்சினையில்லை. மணத்தியிலும் எங்கள் பக்கத்துப் புழுதியிலும் வளர்ந்த ஒரு ஆட்டத்தின் பேர் யாருடைய கணக்கேட்டில் சொத்தாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரே ஒரு தடவை வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. 2018 ஏப்ரல் 10. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லித் தமிழகம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இரண்டாண்டுத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம் ஆடிய நாள். தண்ணீர் வராதபோது ஆட்டம் எதற்கு என்று கேட்டார்கள் போராடியவர்கள். மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. ஆட்டம் முடிந்தது. மீதியிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் அந்த வாரமே புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் புனேவுக்குப் போய் விசிலடித்தார்கள். அந்த வருஷம் கோப்பையும் 'சென்னை'க்கே வந்தது.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஒகேனக்கல் எங்களுக்குப் பக்கம். தண்ணீரை ஆயிரம் கிலோமீட்டர் நகர்த்தி வைக்க முடியாது. அது வந்தால் இங்கேதான் வரணும், வராவிட்டால் இங்கேதான் காயணும். அணி அப்படியில்லை. பாதுகாப்பு, ஒளிபரப்பு, விளம்பர ஒப்பந்தம் என்று கணக்குப் போட்டு ஒரு வாரத்துக்குள் மூட்டை கட்ட முடிந்தது. அன்றைக்குச் செருப்பு வீசியதைக் கண்டித்து எழுதியவர்கள் உண்டு, ஆதரித்து எழுதியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஊரில் தங்கியாக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒன்றுக்கு ஊரின் பேர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த வாரம் நிரூபித்தது.

இதற்கு நேரெதிரில் எங்கள் பசங்களின் இடப்பெயர்ச்சியை வையுங்கள். தர்மபுரி மாவட்டத்து உழைப்பு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறிப் போவது தலைமுறைகளாக நடக்கிறது. கட்டட வேலை, சித்தாள் வேலை, கம்பி கட்டும் வேலை. 2021-22 கபடிப் பருவம் கொரோனாவால் முழுக்க பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே நட்சத்திர ஓட்டலுக்குள் நடந்தது. அந்த ஒயிட்ஃபீல்டின் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமந்தவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் உண்டு. அணி இடம்பெயர்ந்தால் பேர், சின்னம், நிறம், பயிற்சியாளர், சம்பளம் எல்லாம் கூடவே போகும். சித்தாள் இடம்பெயர்ந்தால் அப்படி எதுவும் கூட வராது. அவன் கூடக் கொண்டுபோவது ஏழாம் எண் போட்ட ஒரு மஞ்சள் பனியன். எங்கள் ஊர்ச் சந்தையில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு பெங்களூரில் நிற்பவனுக்கு அது ஊர். இதைக் 'கள்ளப் பிரக்ஞை' என்று கைகழுவிவிட நான் தயாரில்லை. பேரை வைத்தவனிடம் இல்லாத தொடர்பு, பேரை அணிந்தவனிடம் இருக்கிறது.

ஆனால் இத்தோடு கட்டுரையை முடித்தால் 'கம்பெனி கெட்டது, கிராமம் நல்லது' என்கிற பழைய பாட்டாகிவிடும். கிராமத்து அணி யாருடைய ஆகுபெயர்?

ஊர் என்ற சொல்லே ஒரு விலக்கலின்மேல் கட்டப்பட்டது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு என்றுதான் கணக்கு எழுதியிருக்கிறது. ஆயிரம் வருஷம் ஆகிறது, இன்றும் 'ஊருக்குள்ளே' என்றால் காலனி அதில் சேர்த்தியில்லை. பொங்கல் கபடிப் போட்டியில் ஒலிபெருக்கியில் ஊர்ப் பேரைச் சொல்லி அணியை அழைக்கும்போது, காலனிப் பிள்ளைகள் இன்னொரு பேரில், பெரும்பாலும் ஒரு தலைவரின் பேரிலோ நட்சத்திரத்தின் பேரிலோ, தனி அணியாக வந்து நிற்பதைத் தமிழகம் முழுக்கப் பார்க்கலாம். அவர்களுக்கு ஊர்ப் பேர் கிடைக்காததால்தான் வேறு பேர். 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றும் எரிந்ததை மறந்துவிட்டு இங்கே யாரும் 'நம்ம ஊர் அணி' என்று பேசிவிட முடியாது.

தமிழ் சினிமா இதை இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறது. வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' (2007) படத்தில் ராயபுரத்துப் பையன் ரகு வீடு மாறி விசாலாட்சித் தோட்டத்துக்கு வருகிறான். எதிரியாக இருந்த ஷார்க்ஸ் அணியிலேயே ஆடுகிறான். அங்கே அணி மாறுவது வீடு மாறுவதைப்போல லேசானது, ஊர் என்பது வெறும் பின்கோடு. ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்' (2024) அரக்கோணத்துப் பக்கம் வைத்து இதற்குப் பதில் சொல்கிறது. காலனி அணிக்கு ப்ளூ ஸ்டார் என்று பேர், ஊர் அணிக்கு ஆல்ஃபா பாய்ஸ். இரண்டு பேருமே ஆங்கிலம், இரண்டிலும் ஊர்ப் பேர் இல்லை. ஆனால் நீலம் எதைச் சொல்கிறது, ஆல்ஃபா எதைச் சொல்கிறது என்று விளக்க யாருக்கும் உரைநூல் தேவைப்படவில்லை. இரண்டு அணிகளும் சேர்வது, தங்கள் இருவரையுமே வெளியே நிறுத்தும் மூன்றாவது ஓர் இடத்தைச் சந்தித்த பிறகுதான். முதல் படம் சாதியைப் பேசாமல் விட்டதால் இடமாற்றம் எளிதாயிற்று. இரண்டாவது படம் பேசியதால் பேரும் நிறமும் கனமாயின.

நிறத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2023ல் நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கையில் கட்டிய கயிற்றை ஆசிரியர் அறுக்கலாம். அதே நிறம் ஜெர்சியாக வந்தால் 'விளையாட்டு உடை' ஆகிவிடுகிறது. சீருடை என்ற சொல்லுக்கு எல்லோரையும் ஒன்றுபோலாக்கும் உடை என்று பொருள் கொள்கிறோம். ஒன்றுபோல் ஆனவர்கள் யார், ஆக விடப்படாதவர்கள் யார் என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது.

ஆக, இரண்டு வகை உடைமை. நகரத்தில் ஊரின் பேர் கம்பெனியின் சொத்து, கிராமத்தில் ஊரின் பேர் சாதியின் சொத்து. முன்னது பேரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பின்னது பேரை வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிறது.

மூன்றாவது வழி கற்பனை இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே என்கிற சின்ன நகரத்து பேக்கர்ஸ் அணியின் பேர், 1919ல் சீருடைக்குக் காசு கொடுத்த இறைச்சிக் கம்பெனியிடமிருந்து வந்தது. பேர் கம்பெனியுடையது, ஆனால் 1923லிருந்து அணி ஊர்க்காரர்களின் பங்குகளில் நிற்கிறது. அதனால் நூறு வருஷமாக யாராலும் நகர்த்த முடியவில்லை. பேர் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது யார் கையில் இருக்கிறது என்பதே பெரிது என்பதற்கு இது சாட்சி.

இதை வாசிக்கிற எழுத்தாளர்களிலும் தோழர்களிலும் பலரைப் பொங்கலுக்குப் பொங்கல் போட்டியைத் தொடங்கிவைக்கக் கூப்பிடுகிறார்கள், எங்கள் மாவட்டத்திலும் கூப்பிடுகிறார்கள். பொன்னாடை போர்த்துமுன் ஆட்டக்காரர் பட்டியலை வாங்கிப் படியுங்கள். ஊர்ப் பேரைத் தாங்கிய அணியில் காலனிப் பையன் எத்தனை பேர் என்று மேடையிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம் ஊர்ப் பேரில் இரண்டு தெருவும் கலந்த ஓர் அணி வந்தால்தான் வருவோம் என்று சொல்லுங்கள். ஒரு கூட்டத்துக்கு அழைப்பு குறையலாம். இலக்கணம் கேட்ட தொடர்பை இந்த நிலத்தில் உண்டாக்குவதற்கு அதைவிட மலிவான விலை எனக்குத் தெரியவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.