பட்டியலும் கதவும்

மதம் எது, ‘செக்ட்’ எது? 1995இன் இறுதியில் பிரெஞ்சு நாடாளுமன்ற விசாரணைக் குழு இதற்கு விடை காண முயன்றது. 1994 ஒக்ரோபரில் ‘சூரியக் கோயில்’ இயக்கத்தினர் 48 பேர் சுவிற்சர்லாந்தில் இறந்துகிடந்தனர். 1995 டிசம்பரில் பிரான்சின் வெர்கோர் மலைக்காட்டில் மேலும் 16 பேர்; அவர்களில் மூவர் குழந்தைகள். இந்த அச்சச் சூழலில் வெளிவந்த அறிக்கை, 170க்கும் மேற்பட்ட அமைப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது.

1905ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சுக் குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிப்பதில்லை. எனவே எது மெய்யான கடவுள் என்று அரசு சொல்ல முடியாது. அறிக்கையும் நம்பிக்கையை விட்டுச் செயலைப் பார்த்தது. மனதைக் குலைத்தல், அளவுமீறிப் பணம் கேட்டல், சொந்தச் சூழலிலிருந்து பிரித்தல், உடலுக்குத் தீங்கு என்று 10 அளவுகோல்கள். இவை நல்ல கேள்விகள். பெயர்ப்பட்டியல் போட்டதுதான் தவறு. பெயர் ஒட்டியபின் யாரும் கேள்வி கேட்பதில்லை. 2001ஆம் ஆண்டுச் சட்டம் ‘செக்ட்’டுக்கு வரைவிலக்கணம் தராமல், ஒருவரின் பலவீன நிலையைப் பயன்படுத்திக் கெடுப்பதைக் குற்றமாக்கியது. 2005இல் பிரதமர் ரஃபரனின் சுற்றறிக்கை, பட்டியல்களை நம்பி நடக்கவேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சொன்னது.

நான் பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்து, குசினியில் கோப்பை கழுவுபவன். என் அறை நண்பர் ஒருவர், அகதி வழக்கு நிராகரிக்கப்பட்ட மாதம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அவர்கள் சோறு கொடுத்தார்கள், கடிதங்களை மொழிபெயர்த்தார்கள். பிறகு சம்பளத்தில் பங்கு கேட்டார்கள். ஊருக்குக் காசு அனுப்புவது நின்றது. எங்களோடு பேச்சும் நின்றது. ஒருமுறை விலகப் பார்த்தார். “விலகினால் வழக்கு வெல்லாது, அம்மாவுக்கும் கேடு வரும்” என்றார்களாம். திரும்பிப் போய்விட்டார்.

இதைச் சொல்லி நாம் பெருமைப்பட ஏதுமில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்து நின்றது எந்தச் ‘செக்ட்’டும் அல்ல. எங்கள் மதம் உள்ளே வரவிடாமல் கதவைப் பூட்டியது. நண்பரின் கூட்டம் வெளியே போகவிடாமல் பூட்டுகிறது. ஆகவே பழமையோ ஆட்தொகையோ ஒன்றையும் நல்லதாக்காது.

விலகியவனை என்ன செய்கிறார்கள் என்பதே என் அளவுகோல். நான் கோயிலுக்குப் போவதை விட்டுப் பல வருடங்கள். அம்மா அதற்காக அழுதிருக்கிறா. ஆனால் என் தொலைபேசியை எடுக்காமல் விட்டதில்லை. இந்த அளவுகோலில் பெரிய மதங்களும் சில இடங்களில் தோற்கும். தோற்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வழக்குத் தோற்ற அன்றிரவு நண்பர் சாப்பிடாமல் படுத்திருந்தார். நாங்கள் நால்வர் அந்த அறையில் இருந்தோம். வேலைக் களைப்பு, ஒருவரும் எழும்பி ஒரு பிடி சோறு போட்டுக் கொடுக்கவில்லை.