கைக்குள் ஒரு கனடா எஞ்சின்

புறக்கோட்டைக் கடைகளில் பற்றரி போட்டு ஓடவிடும் பொம்மை ரயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் கோட்டை ரயில் நிலையத்தில் நாம் பார்க்கும் எஞ்சினின் அளவு மாதிரியை அங்கே தேடிப் பயனில்லை. எம்2 ரக எஞ்சினின் மாதிரி வேண்டுமென்றால் செய்வித்தே எடுக்க வேண்டும். என் மேசையில் இப்போது நிற்பதும் அப்படி வந்ததுதான்: த்ரீடி பிரிண்டரில் எடுத்த 1:87 அளவுக் கூடு, அதன் அடியில் வெளிநாட்டிலிருந்து தருவித்த மோட்டார்ச் சட்டகம்.

அசலைச் சொல்லாமல் மாதிரியை எடைபோட முடியாது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியாக 1954 முதல் வந்தவை எம்2 எஞ்சின்கள். ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கட்டிய ஜி12 ரகம். 12 சிலிண்டர், 1425 குதிரைவலு. 569ஆம் இலக்கத்துக்கு ‘ஒன்ராறியோ’, 570க்கு ‘அல்பேர்ட்டா’ என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 591 ‘மனிற்றோபா’தான் 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் சுனாமி அள்ளிய ரயிலை இழுத்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் அந்த ரயிலில் போயின. பிறகு எஞ்சினைத் திருத்தி மறுபடி தண்டவாளத்தில் ஏற்றினார்கள். என் மாதிரிக்கு நான் கேட்டு வாங்கிய இலக்கமும் 591.

கூட்டைப் பார்த்ததும் மனம் நிறைந்தது. நீண்ட முன்பகுதி, சாரதி அறை, அதன் மறுபுறம் குட்டையான மூக்கு என்று மூன்றின் விகிதமும் பிசகவில்லை. பக்கக் கதவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிகின்றன. சாரதி அறைச் சுவரில் மட்டும் பிரிண்டர் விட்ட வரிகள் இருக்கின்றன; மெல்லிய அரத்தாளால் தேய்த்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். கைப்பிடிக் கம்பிகள் பிளாஸ்ரிக்கில் வந்தவை, தடிப்பு அதிகம். அவற்றை வெட்டிவிட்டுப் பித்தளைக் கம்பி போட்டேன். முகமே மாறிவிட்டது.

முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய 12 வோல்ட் அடப்டரையும் வேகக் கட்டுப்பாட்டையும் பூட்டி ஓட்டினேன். நிதானமாக, சத்தமில்லாமல் புறப்படுகிறது. அசலில் ஒவ்வொரு போகிக்கும் மூன்று அச்சுகள். நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, பாரத்தைப் பகிரவே அது இருக்கிறது. மாதிரியிலும் அப்படியே. ஆனால் பாரம் போதாததால் அந்த நடுச் சில்லு வளைவில் தூக்கிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஈயத்துண்டு வைத்தால் சரியாகிறது.

தீராத குறை அகலத்தில்தான். நம் நாட்டுத் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீற்றர், இந்தியாவின் அகலப்பாதையும் அதுவே. 1:87இல் அது 19.3 மில்லிமீற்றர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5, அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீற்றர் பாதைக்கு வகுத்த கணக்கு. பக்கவாட்டில் தெரியாது. முன்னால் நின்று பார்த்தால், அகன்ற உடம்பின் கீழே கால்கள் ஒடுங்கி நிற்பது உடனே கண்ணில் படும். எம்2 மாதிரி என்று விற்கிற எவரும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடி அலுமாரியில் வைக்க விரும்புகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள், சில்லுகளை 19.3 மில்லிமீற்றருக்கு அகட்டித் தரச்சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்; தண்டவாளத்தையும் அதே அளவில் நீங்களே போட வேண்டியிருக்கும்.