கல்பாக்கத்தின் இரு உலைகள்: கட்டுப்பாட்டில் எது தேறுகிறது?

கல்பாக்கத்தில் நியூட்ரானை நேரெதிர் முறைகளில் ஆளும் இருவகை உலைகள் உள்ளன: கனநீரால் அதன் வேகத்தைத் தணிக்கும் சென்னை அணுமின் நிலையம், தணிக்காமலே பயன்படுத்தும் வேக ஈனுலைகள். கட்டுப்பாட்டில் எது மேல்?

வேக உலையில் ஒரு நியூட்ரான் தலைமுறை மைக்ரோநொடிக்குள் முடிகிறது. கனநீர் உலையில் ஏறத்தாழ ஒரு மில்லிநொடி நீடிக்கிறது. ஆகவே முன்னதை அடக்க இயலாது என்பது பழைய குற்றச்சாட்டு. தரவு சரி, முடிவு பிழை. இரு உலைகளிலும் தொடர்வினையின் வேகத்தை வகுப்பவை, பிளவுத் துண்டுகளிலிருந்து நொடிகள் கழித்து வெளிவரும் தாமத நியூட்ரான்களே. பெருக்கத்தின் மிகை அவற்றின் பங்கைத் தாண்டாதவரை, கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்குப் போதிய அவகாசம் உண்டு.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. யுரேனியம்-235இல் அந்தப் பங்கு 0.65 சதவீதம், வேக உலையின் முதன்மை எரிபொருளான புளூட்டோனியம்-239இல் சுமார் 0.21. யுரேனியம்-238இன் பிளவுகள் அதைச் சற்று உயர்த்தினாலும், வேக உலையின் பாதுகாப்பு வரம்பு குறுகியதே. அதை மீறினால் நியூட்ரானின் குறுகிய ஆயுள் மெய்யாகவே அபாயம். கனநீர் உலைக்கோ கூடுதல் சலுகை உண்டு: காமாக் கதிர்கள் டியூட்டீரியத்திலிருந்து விடுவிக்கும் நியூட்ரான்களும் தாமதமாகவே வருகின்றன.

ஆயினும் கனநீர் உலைக்கு முழு மதிப்பெண் இல்லை. செனான்-135 நியூட்ரான்களை விழுங்கி மறுதொடக்கத்தைத் தடுக்கிறது. குளிர்விப்பான் ஆவியானால் பெருக்கம் கூடுகிறது. சென்னை நிலையத்தின் வடிவமைப்பு, தணிப்பானைக் கீழே வடித்து உலையை நிறுத்துவது. புவியீர்ப்பை நம்பும் எளிமை அதன் சிறப்பு. மந்தம் அதன் குறை. நரோரா அணுமின் நிலையம் முதல் வந்த, ஒன்றையொன்று சாராத இரு விரைவு நிறுத்த அமைப்புகள் அக்குறையைத் தீர்த்தன.

வேக நியூட்ரான்களைச் செனான் அரிதாகவே விழுங்குவதால், ஈனுலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வெப்பம் ஏறினால் எரிபொருள் விரிவும் டாப்ளர் விளைவும் தாமாகவே பெருக்கத்தைக் குறைக்கின்றன. ஆனால் பெரிய உலையின் நடுவில் சோடியம் கொதித்தால் பெருக்கம் கூடும். 1985 அக்டோபர் 18இல் மாறுநிலை எய்திய கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை சிறியது. அதன் நற்சான்றை அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு அப்படியே நீட்டுவது முறையன்று.

இயற்கை தரும் அவகாசத்தில் கனநீர் உலை மேல். தற்சீரமைப்பில் வேக உலை மேல். வேக உலை கட்டுப்படுத்தத் தக்கதே. ஆனால் அந்தத் தகுதியை அது நியூட்ரானிடமிருந்து பெறவில்லை; உள்ளக வடிவம், பின்னூட்டம், இரு தனித்த போரான் கார்பைடு தண்டுத் தொகுதிகள் ஆகியவற்றால் ஈட்டுகிறது. எனவே அதை அளக்கும் கோலும் கடுமையாகவே இருக்க வேண்டும்.